டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை எந்த வரிசையில் போடுவது, பழைய தமிழ்நாட்டு எண்ணை என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: சேலத்திலிருந்து வந்து பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள். ஜிமெயிலில் பதிவாகி இருப்பது ஊரில் வாங்கிய பழைய எண், கையில் இருப்பது கர்நாடக எண். டூ-ஸ்டெப், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு குறியீட்டையோ அனுமதியையோ கேட்கும் பூட்டு, போட வேண்டும் என்று தெரியும், ஆனால் போன் தொலைந்தால் கணக்கே கையை விட்டுப் போய்விடுமோ என்று பயம். எஸ்எம்எஸ் போதுமா, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வேண்டுமா? ஊரில் இருக்கும் அம்மாவின் போனிலும் இதையே செய்யலாமா?

அந்தப் பயம் நியாயமானதுதான். டூ-ஸ்டெப்பை ஆன் செய்வது பத்து நிமிட வேலை. போன் கையில் இல்லாத நாளில் எந்த வழியாகக் கணக்குக்குள் திரும்பப் போவது என்பதை அதற்கு முன்பே ஏற்பாடு செய்து வைப்பதுதான் உண்மையான வேலை. அதைச் செய்யாமல் ஆன் செய்தவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள். ஆகவே முதலில் எண், அடுத்து மீட்பு மெயில் (கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்து வைக்கும் வேறொரு மெயில் முகவரி), அதன்பின் பாஸ்வேர்டு, கடைசியில் இரண்டாம் படி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஊர் விட்டு வந்தவர்களின் கணக்குகளில் பெரிய ஓட்டை, ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் பழைய சிம்தான். 90 நாள் தொடர்ந்து அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவுமே பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம் என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைப்பார்கள். முடங்கிய எண்ணை 90 நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாம். அந்த நாளிலிருந்து உங்கள் ஜிமெயில் ஓடிபியும் வங்கி எஸ்எம்எஸ்ஸும் முன்பின் தெரியாத ஒருவருடைய போனில் போய் விழும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. புது சிம்மில் அவர் தன் வாட்ஸ்அப்பைத் தொடங்கினாலே, அந்த எண்ணில் ஓடிக்கொண்டிருந்த உங்கள் வாட்ஸ்அப் வெளியேறிவிடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பழைய எண்ணையே கர்நாடக வட்டத்துக்கு போர்ட் செய்வது. 2015 ஜூலை 3 முதல் எண் மாறாமல் மாநிலம் விட்டு மாநிலம் போர்ட் செய்ய முடியும், ஆனாலும் பலருக்கு இது தெரிவதில்லை. ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் யூபிசி என்ற எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு இங்குள்ள எந்த நிறுவனத்தின் கடைக்கும் போகலாம். வட்டம் மாறும் போர்ட்டுக்கு ஐந்து வேலை நாள் எடுக்கும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது ஆகியிருக்க வேண்டும். சமீபத்தில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருந்தால் அதிலிருந்து ஏழு நாள் போர்ட் கிடையாது. சிம்மைத் திருடிக்கொண்டு போர்ட் செய்து ஓடுபவர்களைத் தடுக்க 2024 ஜூலையில் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. யூபிசியை யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள், அது எண்ணையே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

போர்ட் செய்வதன் பலன், நாளைக்கு சிம் தொலைந்தால் டூப்ளிகேட் வாங்க இதே ஊரில் கடை இருக்கிறது என்பது. ஓசூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகிறவர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை. தமிழ்நாட்டு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் புது எண்ணுக்கு மாற்றிவிட்டுப் பழையதை விடுவது. இதில் ஆதார் முதலில் வர வேண்டும். டிஜிலாக்கர், வருமான வரித் தளம், பிஎஃப் என எல்லாமே எங்காவது ஓரிடத்தில் ஆதார் ஓடிபியைக் கேட்கும். பழைய எண் செத்துப்போயிருந்தாலும் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்துப் புது எண்ணைச் சேர்க்கலாம். எந்த மாநிலத்து ஆதாரானாலும் பெங்களூர் மையத்தில் செய்வார்கள். ஆதாருக்கு அடுத்து வங்கி, அதற்கு அடுத்து மெயில். எல்லாம் மாறி முடியும் வரை பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். உங்கள் நிலையில் இருப்பவருக்கு முதல் வழியைத்தான் நான் சொல்வேன். எங்கெங்கே அந்த எண்ணைக் கொடுத்தோம் என்று யாருக்கும் முழுதாக நினைவிருக்காது.

எண்ணை மாற்றுவது என்று முடிவெடுத்தால், கூகுள் கணக்கில் அது ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெர்சனல் இன்ஃபோவில் ஓர் எண், செக்யூரிட்டி பக்கத்தில் ரெகவரி போன் என்று ஓர் எண், டூ-ஸ்டெப்புக்குள் தனியாக ஓர் எண். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதும் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றையும் திறந்து பாருங்கள். இன்னொன்று, ரெகவரி போனை மாற்றிய பிறகும் ஏழு நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் கொடுக்கலாம். ஆகவே எண்ணை மாற்றிய அன்றே பழைய சிம்மைத் தூக்கி எறியாதீர்கள்.

மீட்பு மெயிலில் இருக்கும் சிக்கல் வேறு. பலரிடம் இரண்டு ஜிமெயில் இருக்கும். முதலாவதுக்கு இரண்டாவது மீட்பு, இரண்டாவதுக்கு முதலாவது மீட்பு, இரண்டும் திறந்திருப்பது ஒரே போனில். அந்தப் போன் போனால் இரண்டும் சேர்ந்து போகும். மீட்பு மெயில் உங்கள் போனைச் சாராத ஒருவருடையதாக இருக்கட்டும்: மனைவி, கணவர், உடன்பிறந்தவர். ஆபீஸ் மெயிலைப் போடாதீர்கள், வேலையை விடும் நாளில் அது பூட்டப்படும். மொபைல் கடையில் கணக்கு திறந்து வாங்கியிருந்தால் மீட்பு மெயிலாகக் கடைக்காரர் தன்னுடையதையே போட்டிருக்கலாம். அம்மாவின் போனில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பாஸ்வேர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒன்று.

இப்போது எஸ்எம்எஸ் போதுமா என்ற கேள்வி. கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், கூட்டமாக வீசும் ஃபிஷிங் வலைகளை (போலிப் பக்கம் காட்டிப் பாஸ்வேர்டைப் பறிப்பது) 96 சதவீதமும், ஒருவரைக் குறிவைத்து வரும் தாக்குதல்களை 76 சதவீதமும் தடுத்தது. போனில் எட்டிப்பார்த்து ‘நீங்கள்தானா’ என்று கேட்கும் ப்ராம்ப்ட் அதே வரிசையில் 100, 99, 90. கம்ப்யூட்டரில் செருகும் சிறு சாவியான யுஎஸ்பி செக்யூரிட்டி கீ மூன்றிலும் 100. ஆக, எஸ்எம்எஸ் மட்டுமே இருந்தாலும் ஒன்றும் இல்லாததை விட எவ்வளவோ மேல். ஆனால் எஸ்எம்எஸ் சிம்மை நம்பி நிற்கிறது, சிம்மைக் கடையில் மாற்றி வாங்கலாம். ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கிலேயே 2019 ஆகஸ்டில் வேறு யாரோ பதிவு போட்டார்கள், அவருடைய எண்ணைக் கைப்பற்றித்தான். நம் ஊர் வங்கிகள் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸை விட்டு வேறு வழி தருவதில்லை. மெயிலில் அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே மெயிலுக்கு ஆப்.

ஆத்தென்டிகேட்டர் ஆப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதில் வரும் பாதிப் பிரச்சினைகள் தானாகப் புரியும். ஆப்பைக் கணக்கோடு இணைக்கும்போது திரையில் வரும் க்யூஆர் கோடுக்குள் இருப்பது ஒரு ரகசிய எழுத்துச் சரம், அவ்வளவுதான். அது கூகுளிடம் ஒரு பிரதி, உங்கள் போனில் ஒரு பிரதி. இரண்டு பக்கமும் அந்தச் சரத்தையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 வினாடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்ணை எடுக்கின்றன. டிஓடிபி என்ற இந்த முறை 2011இல் தரமாக்கப்பட்டது. நெட் தேவையில்லை, சிம் தேவையில்லை. மெட்ரோ சுரங்கத்திலும் வேலை செய்யும், வெளிநாட்டிலும் வேலை செய்யும். தேவை சரியான நேரம் ஒன்றுதான்.

‘குறியீட்டைச் சரியாகத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது போனின் கடிகாரம். தேதியும் நேரமும் ஆட்டோமேட்டிக்கில் இருக்க வேண்டும். டைம் ஜோன் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, உள்ளே ஓடுவது உலகப் பொது நேரம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய் இறங்கியதும் டைம் ஜோனை மாற்றாமல் மணி முள்ளை மட்டும் கையால் தள்ளி வைத்தால், அந்தப் பொது நேரமே தவறிவிடும். எந்தக் குறியீடும் செல்லாது. ஒரு சுற்று முன்பின் ஆனால் பெரும்பாலான தளங்கள் பொறுத்துக்கொள்ளும், நிமிடக் கணக்கில் விலகினால் பொறுக்காது.

எந்த ஆப்? கூகுள் ஆத்தென்டிகேட்டர் போதும். ஆண்ட்ராய்டில் ஏஜிஸ், ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டிலும் 2எஃப்ஏஎஸ், என்டே ஆத் ஆகியவையும் நல்லவை, இலவசம், நிரலை யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைத்திருப்பவை. ஸ்டோரில் தேடும்போது விளம்பரமாக மேலே வந்து நிற்பதை எடுக்காதீர்கள். ஆறு இலக்கம் காட்டுவதற்கு வாரச் சந்தா கேட்கும் ஆப் எதுவானாலும் அழித்துவிடுங்கள். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 முதல் குறியீடுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமித்து வைக்கும் வசதி இருக்கிறது. வசதிதான், ஆனால் அந்த ஒரு கணக்கு போனால் அதில் சேமித்த மற்றக் கணக்குகளின் குறியீடுகளும் சேர்ந்து போகும். வங்கி, பங்குக் கணக்கு இவற்றுக்கும் ஆப் வைத்திருப்பவர்கள் ஏஜிஸ் போலப் பாஸ்வேர்டு போட்ட காப்புக் கோப்பைத் தனியாக எடுத்து வைக்கும் ஆப்பைப் பயன்படுத்துவது நல்லது.

இனி படிகள். வீட்டில், ஏற்கெனவே லாக்-இன் ஆகியிருக்கும் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைத் திறந்து, ஆத்தென்டிகேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் க்யூஆர் கோடு வரும். இந்த நேரத்தில் அவசரப்பட வேண்டாம். வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தால் அதிலும் ஆப்பைப் போட்டு, இதே க்யூஆரை இரண்டு போனிலும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். பழைய போன் சிம் இல்லாமல் பீரோவில் கிடக்கலாம், எடுக்கும்போது சார்ஜ் செய்து வைஃபையில் போட்டால் நேரம் சரியாகிவிடும். பழைய போன் இல்லாதவர்கள், ஸ்கேன் செய்ய முடியவில்லையா என்று கேட்கும் இடத்தைத் தட்டினால் அந்த எழுத்துச் சரம் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். க்யூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அது கேலரிக்குப் போகும், கேலரியிலிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போகும், சாவி பூட்டின கணக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆப் காட்டும் ஆறு இலக்கத்தை அடித்து உறுதி செய்தவுடன், போன் இல்லாத நாளில் பயன்படும் பேக்கப் கோட்ஸ் பகுதிக்குப் போங்கள். தலா எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய பட்டியல் எடுத்தால் பழைய பட்டியல் மொத்தமும் செல்லாது. இந்தப் பத்தையும் கையால் எழுதுங்கள். பிரிண்ட் எடுக்கிறேன் என்று ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தக் கடையின் கம்ப்யூட்டர் டவுன்லோடில் உங்கள் குறியீடுகள் மாதக்கணக்கில் கிடக்கும்.

எழுதியதை எங்கே வைப்பது? ஐந்து குறியீடுகள் பெங்களூர் அறையில், சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலில். மீதி ஐந்தும் ஊரில், அம்மாவின் பீரோவில். ஒரே பட்டியலை இரண்டு இடத்தில் வைத்தால் எது பயன்படுத்தியது என்ற குழப்பம் வரும், பிரித்து வைத்தால் வராது. தாளில் எந்தக் கணக்கு, என்ன பாஸ்வேர்டு என்று எழுத வேண்டாம். போன் தொலைந்தால் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வரியைப் படிக்கச் சொன்னால் போதும். வேறு யார் கேட்டாலும் படிக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லி வையுங்கள். போன் கவருக்குள் மடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. போனோடு சேர்ந்து தாளும் தொலையும் என்பதால் அங்கே வேண்டாம்.

இப்போது சோதனை. கம்ப்யூட்டரில் லாக்-அவுட் செய்யாதீர்கள். அது அப்படியே திறந்திருக்கட்டும். பக்கத்தில் இன்காக்னிட்டோ விண்டோ (ஏற்கெனவே செய்த லாக்-இன் செல்லாத தனி விண்டோ) ஒன்றைத் திறந்து, பாஸ்வேர்டு அடித்து, ஆப் குறியீட்டால் உள்ளே போய்ப் பாருங்கள். மூடிவிட்டு, மறுபடி திறந்து, இம்முறை பேக்கப் குறியீடு ஒன்றால் போய்ப் பாருங்கள். ஒரு குறியீடு செலவாகும், பரவாயில்லை. தாளில் எழுதியது சரியாக எழுதியதா என்பது இப்போதே தெரிந்துவிடும். 7ஐ 1 என்று எழுதி வைத்தது அவசரத்தன்று தெரிவதை விட இது நல்லது. இரண்டும் வேலை செய்த பிறகு, டூ-ஸ்டெப் பகுதியில் உள்ள எஸ்எம்எஸ் எண்ணை நீக்கிவிடலாம். ஆப்பும் இருந்து எஸ்எம்எஸ்ஸும் இருந்தால், உள்ளே வர நினைப்பவன் எஸ்எம்எஸ்ஸைத்தான் தேர்ந்தெடுப்பான். ரெகவரி போன் மட்டும், உங்கள் கையில் இருக்கும் நடப்பு எண்ணாக, இருக்கட்டும்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பில்லிங் சாஃப்ட்வேரோ ஸ்கேனரோ உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டை வைத்து மெயில் அனுப்புகிறது என்றால், அதற்குச் சாதாரண பாஸ்வேர்டு செல்லாது. கூகுள் கணக்கில் ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்துக் குறியீட்டை உருவாக்கி அங்கே போட வேண்டும். டூ-ஸ்டெப் ஆன் ஆன பிறகுதான் அதை உருவாக்கவே முடியும். முதன்மை பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம் ஆப் பாஸ்வேர்டுகள் ரத்தாகும் என்பதால், ‘நேற்று வரை இன்வாய்ஸ் போனது, இன்று போகவில்லை’ என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

போன் மாற்றும்போதுதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப் போன் வந்ததும் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவார்கள், அல்லது பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் விற்றுவிடுவார்கள். ஆப்பில் இருந்த சாவி அழிந்துபோன விஷயம் அடுத்த லாக்-இன்னில்தான் தெரியும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் மெனுவைத் திறந்து ட்ரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ், எக்ஸ்போர்ட் என்று போனால் ஒரு க்யூஆர் வரும், புதுப் போனில் இம்போர்ட் மூலம் அதை ஸ்கேன் செய்ய வேண்டும். முடிந்ததும் புதுப் போன் காட்டும் குறியீட்டால் ஒருமுறை லாக்-இன் செய்து பார்த்துவிட்டுத்தான் பழையதை ரீசெட் செய்ய வேண்டும். ஆபீஸ் கணக்கு மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் இருந்தால் காப்பை மீட்டெடுத்தால் மட்டும் போதாது, புதுப் போனை மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும். பழைய போன் கையில் இருக்கும்போதே, வேலை நாளில், ஐடி டீமிடம் சொல்லிச் செய்யுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் திரைப் பூட்டின் பின்னைச் சொல்லிவிட்டு வருவது ஆபத்து. ஆப், மெயில், எஸ்எம்எஸ் மூன்றும் அந்த ஒரு பின்னுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

டூ-ஸ்டெப் போட்டுவிட்டால் யாரும் உள்ளே வர முடியாது என்று நினைக்க வேண்டாம். போலி லாக்-இன் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் ஆறு இலக்கத்தை அந்த 30 வினாடிக்குள்ளேயே உண்மையான தளத்தில் அடித்துவிடும் கருவிகள் இருக்கின்றன. எஸ்எம்எஸ்ஸோ ஆப்போ, நீங்கள் கையால் அடிக்கும் எதையும் இப்படித் திருடலாம். ப்ராம்ப்ட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவர், ஒப்பந்த ஊழியர் ஒருவரின் போனுக்கு அனுமதிக் கோரிக்கைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி, கடைசியில் ஒன்றை ஏற்க வைத்தார். நீங்கள் லாக்-இன் செய்யாதபோது ப்ராம்ப்ட் வந்தால், உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம். மறுத்துவிட்டு, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இந்த ஓட்டையை அடைப்பது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலேயே இருக்கும் டிஜிட்டல் சாவி. இது உருவான தளத்தின் முகவரியோடு பிணைந்தது. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் போன் அதை நீட்டாது. உங்கள் கண்ணை ஏமாற்றலாம், அதை ஏமாற்ற முடியாது. கைரேகையோ திரைப் பூட்டோ போதும், அடிக்க எதுவும் இல்லை. சொந்தப் போனில், நீங்கள் மட்டுமே திறக்கும் போனில், பாஸ்கீயை உருவாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் எடுக்கும் டேப்லெட்டிலோ ஆபீஸ் லேப்டாப்பிலோ உருவாக்காதீர்கள், அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் எல்லோருக்கும் கணக்கு திறக்கும். பெரிய பணமோ பலருடைய தகவலோ உங்கள் கணக்கில் இருந்தால், சில ஆயிரம் ரூபாய் செலவழித்து யுஎஸ்பி செக்யூரிட்டி கீ வாங்கலாம். வாங்கினால் இரண்டாக வாங்கி, இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.

வங்கி ஓடிபி சிம்மில்தான் வரும் என்பதால் சிம்மைப் பூட்டுவது அவசியம். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் போனை அடித்தவனுக்குத் திரையைத் திறக்கத் தெரிய வேண்டியதில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வரும். சிம் பின் போட்டிருந்தால், வேறு போனில் போட்டதும் நான்கு இலக்கம் கேட்கும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் சிம் லாக் என்று தேடுங்கள், ஐபோனில் மொபைல் டேட்டாவுக்குள் இருக்கும். முதலில் நிறுவனத்தின் ஆரம்ப பின்னைக் கேட்கும். யூகித்து அடிக்காதீர்கள், மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும். பியூகேயைப் பத்து முறை தவறவிட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். வாடிக்கையாளர் சேவையில் ஆரம்ப பின்னைக் கேட்டுக்கொண்டு பிறகு மாற்றுங்கள். பூட்டிய திரையிலேயே எஸ்எம்எஸ் முழுதும் தெரியும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். நோட்டிஃபிகேஷன் செட்டிங்கில் உள்ளடக்கத்தை மறைக்கும் தேர்வு இருக்கிறது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம்மைக் கழற்ற முடியாது என்ற விதத்தில் அது நல்லது. ஆனால் ‘இசிம்முக்கு மாற்றித் தருகிறோம், வரும் எஸ்எம்எஸ்ஸை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று போனில் சொல்பவர் உங்கள் எண்ணைத்தான் எடுக்கப் பார்க்கிறார்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஆறு இலக்க பின் வையுங்கள், மெயில் முகவரியும் கட்டாயம் கொடுங்கள். மெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இங்கே நடக்கும் முக்கிய மோசடி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதோ ஓர் எண்ணை அழுத்தச் சொல்வது. அது உங்கள் அழைப்புகளை அவர்களுக்குத் திருப்பிவிடும், வாட்ஸ்அப் குரல் அழைப்பில் சொல்லும் குறியீடு அவர்களுக்குப் போகும். 2024 ஏப்ரல் 15 முதல் இந்த வழியில் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. இருந்தாலும் போன் செட்டிங்கில் கால் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து, தெரியாத எண் எதுவும் இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கணக்கை யாராவது எடுத்துவிட்டால், உங்கள் போனில் மறுபடி பதிவு செய்து எஸ்எம்எஸ் குறியீட்டை அடித்தாலே அவர் வெளியேற்றப்படுவார். அவர் பின் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் ஆகும், அவராலும் அதற்குள் பயன்படுத்த முடியாது.

பங்குக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு 2022 செப்டம்பர் 30 முதல் இரண்டாம் படி கட்டாயமாகிவிட்டது. ஜெரோதாவின் கைட் போன்ற பங்கு வர்த்தக ஆப்களில் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் டிஓடிபி வைக்கலாம், மெயிலுக்குச் சொன்ன அதே முறைதான்.

அம்மாவின் போனுக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் வேண்டாம். 30 வினாடிக்குள் ஆப் மாறி எண்ணைப் பார்த்து அடிப்பது அவருக்குத் தொந்தரவு. தொந்தரவு தாங்காமல் யாரிடமாவது போனைக் கொடுத்து ‘நீயே பார்த்துப் போடுப்பா’ என்பார். அவருக்கு கூகுள் ப்ராம்ப்ட் போதும். மீட்பு மெயில் உங்களுடையது, ரெகவரி போன் அவருடைய எண். பேக்கப் கோட்ஸை எடுத்து நீங்கள் பெங்களூரில் வைத்துக்கொள்ளுங்கள். திரைப் பூட்டு இல்லாமல் இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். வாட்ஸ்அப் பின்னுக்கு அவர் மறக்காத, ஆனால் பிறந்த வருடமோ வண்டி எண்ணோ இல்லாத ஆறு இலக்கம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது செய்யுங்கள். போனில் பேசிக்கொண்டே ‘அதை அழுத்து, இதை அழுத்து’ என்று செய்ய வைக்காதீர்கள். மோசடிக்காரர்களும் அப்படித்தான் செய்ய வைப்பார்கள், அந்தப் பழக்கமே அவருக்கு வரக் கூடாது.

போன் தொலைந்த நாளில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை சிம்மை முடக்குவது. வேறு யாருடைய போனிலிருந்தாவது உங்கள் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அடுத்து வங்கியைக் கூப்பிட்டு யுபிஐயையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். பிறகு நம்பகமான ஒரு கம்ப்யூட்டரில், இன்காக்னிட்டோ விண்டோவில், பேக்கப் குறியீட்டால் ஜிமெயிலுக்குள் போய், யுவர் டிவைசஸ் பட்டியலிலிருந்து தொலைந்த போனை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். காவல் துறையில் தொலைந்ததற்கான புகார் பதிவு செய்து, அதன் நகலை வைத்து தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைத் தடுக்கலாம். ஐஎம்இஐ பெட்டியிலும் பில்லிலும் இருக்கும், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். டூப்ளிகேட் சிம் வாங்கிய பிறகு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அது பழுதல்ல, சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி. அந்த ஒரு நாள் வங்கி ஓடிபி கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துக் கையில் கொஞ்சம் பணமோ கார்டோ வைத்துக்கொள்ளுங்கள். புதுப் போன் வந்ததும் பழைய ஆத்தென்டிகேட்டரைக் கணக்கிலிருந்து நீக்கி, புது க்யூஆரில் மறுபடி பதிவு செய்து, பேக்கப் கோட்ஸைப் புதிதாக எடுத்து எழுதி, அம்மாவின் பீரோவில் இருக்கும் தாளையும் மாற்றுங்கள்.